அக்குட்டான் சீரோ

அக்குட்டான் சீரோ என்பது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களிடம் பெருமளவு சிதையாமல் சிக்கிய ஜப்பானியப் போர் விமானம் ஆகும். அலாஸ்காவின் அக்குட்டான் தீவில் கிடைத்ததால் இப்பெயர் பெற்றது. ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த மிட்சுபிஷி ஏ6எம் வகை, ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2600இல் (1940) சேவைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசி இலக்கமே 'சீரோ' என்ற பெயருக்குக் காரணம்.

வீழ்ந்த விதம்

1942 ஜூன் 4 அன்று ரியூஜோ என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் டச்சு ஹார்பரைத் தாக்கின. இதே கப்பலின் விமானங்கள்தாம் அதற்கு இரண்டு மாதம் முன்பு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியவை. தாக்குதலில் 19 வயது விமானி ததயோஷி கோகாவின் விமானத்தில் எண்ணெய்க் குழாய் சேதமுற்றது. அவர் அக்குட்டானில் புல்வெளி எனத் தெரிந்த இடத்தில் இறங்கினார். அது சதுப்பு நிலம். சக்கரங்கள் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது; கழுத்து முறிந்து கோகா இறந்தார்.

எதிரி மண்ணில் வீழ்ந்த சீரோவை அழித்துவிட வேண்டும் என்பது கட்டளை. ஆனால் உடன் வந்த இருவரும், கோகா உயிருடன் இருக்கலாம் என்றெண்ணிச் சுடாமல் திரும்பினர்.

சோதனைகள்

ஜூலை 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் கேட்டலினா ரோந்து விமானம் அதைக் கண்டது. சான் டியேகோவில் பழுதுபார்க்கப்பட்டு, செப்டம்பர் 20 அன்று எடி சாண்டர்ஸ் அதை ஓட்டினார். அக்டோபர் 15க்குள் 24 முறை பறந்து சோதித்தார். தெரியவந்தவை:

1. மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் இறக்கைச் சுக்கான்கள் இறுகி, விமானம் மெதுவாகவே புரளும்.
2. இடப்புறத்தைவிட வலப்புறம் புரள்வது கடினம்.
3. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால், மிதவைக் கார்புரேட்டரால் எரிபொருள் தடைப்பட்டு இயந்திரம் நிற்கும்.

எனவே, சீரோ துரத்தினால் வேகமாகப் பாய்ந்திறங்கி வலப்புறம் திரும்புக என்று அமெரிக்க விமானிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஒரு தவறான கருத்து

இவ்விமானத்தைப் பார்த்தே அமெரிக்கர்கள் ஹெல்கேட் விமானத்தை வடிவமைத்தனர் எனச் சிலர் எழுதுவதுண்டு. ஹெல்கேட்டின் முன்மாதிரி பறந்ததோ 1942 ஜூன் 26. சீரோ கண்டெடுக்கப்பட்டது அதன் பின்னரே. போரிடும் முறைக்குத்தான் இது உதவியது. வரலாறு படிக்கும் மாணவர்கள் காரணத்தை ஏற்கும் முன் தேதிகளை ஒப்பிட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

முடிவு

1945 பிப்ரவரியில் சான் டியேகோ ஓடுதளத்தில் பின்னால் வந்த அமெரிக்க ஹெல்டைவர் விமானத்தின் சுழலி இதைத் துண்டு துண்டாக வெட்டியது. சில கருவிகள் மட்டுமே எஞ்சின.