இரக்கம் சட்டத்தின் முன் நின்ற காலம்: டூசான் திருச்சபையும் மத்திய அமெரிக்க அகதிகளும் (1980–1991)

அறியாமல் கொலை செய்தவன் பழிவாங்குவோரிடமிருந்து தப்பி ஓடிச் சேர, அடைக்கலப்பட்டணங்களை எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் ஒதுக்குகிறது. இடைக்கால ஐரோப்பாவில் அந்த உரிமை தேவாலயத்துக்கு இருந்தது. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் சட்டமே அதை நீக்கியது. வழக்கொழிந்துபோன இம்மரபுக்கு 1982இல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் மீண்டும் உயிர் வந்தது.

எல் சால்வடாரில் 1980இல் மூண்ட உள்நாட்டுப் போர் பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 75,000 உயிர்களைக் குடித்தது. அந்நாட்டு இராணுவத்துக்கு ஆயுதமும் பணமும் தந்தது அமெரிக்கா. கம்யூனிச அச்சம் வாஷிங்டனை ஆண்ட காலம் அது. தப்பி வந்தவர்களை அகதிகள் என ஏற்றால், தன் நேச நாடே அவர்களைத் துன்புறுத்துகிறது என ரீகன் அரசு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே அவர்களைப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்றது. நியாயமான அச்சமுள்ள எவருக்கும் புகலிடம் தர 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வழிசெய்திருந்தும், 1984இல் புகலிடம் கேட்ட சால்வடோரியர்களில் நூற்றுக்கு மூவர்கூட அதைப் பெறவில்லை.

1980 கோடையில் அரிசோனா பாலைவனத்தில் சால்வடோரியர் 13 பேர் தாகத்தில் மடிந்தனர். உயிர்பிழைத்தோருக்கு டூசான் சபைகள் உதவின. ஜிம் கார்பெட் என்ற குவேக்கரும், சவுத்சைடு பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர் ஜான் ஃபைஃபும் தொடக்கத்தில் சட்டவழியிலேயே நடந்தனர்: பிணைப்பணம் திரட்டினர், மனுக்கள் எழுத உதவினர். மனுக்கள் தள்ளுபடியாகிக்கொண்டே இருந்தன. பிறகு எல்லையைக் கடக்க ரகசியமாக உதவினர். 1982 மார்ச் 24 அன்று, எல் சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ பலிபீடத்தருகே சுட்டுக்கொல்லப்பட்ட இரண்டாம் நினைவு நாளில், தங்கள் ஆலயம் அடைக்கலம் என்று ஊரறிய அறிவித்தனர்.

இந்த இயக்கத்தின் திருப்புமுனை அந்தப் பகிரங்க அறிவிப்புத்தான் என்பது என் துணிபு. ஒளித்துவைத்துக் காப்பது ஒருசிலரை மீட்கும். அறிவித்துக் காப்பது அரசைப் பதில் சொல்ல வைக்கும். தாங்கள் சட்டத்தை மீறவில்லை, அகதிகள் சட்டத்தை மீறுவது அரசே என்று கார்பெட் வாதிட்டார். யாருக்கு அடைக்கலம் தருவது என்பதில் இயக்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. சிகாகோவிலிருந்த தோழமைக் குழுவினர், அமெரிக்கக் கொள்கையை அம்பலப்படுத்தும் அகதிகளின் சாட்சியமே முதன்மை என்றனர். டூசானில் இருந்தவர்களோ, யார் அபாயத்தில் இருந்தாலும் கைகொடுக்க வேண்டும் என்றனர். நல்ல சமாரியன் அரசியல் விசாரித்துக் காயம் கட்டவில்லை. டூசானின் நிலைப்பாடே நற்செய்திக்கு நெருக்கமானது.

அரசு உளவாளிகளைச் சபைகளுக்குள் அனுப்பி, ஒலிப்பதிவுக் கருவிகளோடு கூட்டங்களில் உட்காரவைத்தது. வழிபடும் இடத்தில் இப்படி வேவு பார்த்தது மன்னிக்கத்தக்கதல்ல. 1985 ஜனவரியில் 16 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் எல் சால்வடார் நிலவரம் பற்றியும் தங்கள் சமய நம்பிக்கை பற்றியும் ஜூரிகளிடம் எடுத்துரைக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. 1986 மே 1 அன்று ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது, கார்பெட் விடுவிக்கப்பட்டார். எவரும் சிறைக்கு அனுப்பப்படவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்பே தண்டனை. வழக்குத் தொடுத்தும் இயக்கம் ஒடுங்கவில்லை. நூற்றுக்கணக்கான சபைகளும் யூத ஜெப ஆலயங்களும் அடைக்கலம் அறிவித்தன.

அதற்கிடையே 1985இல் அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளும் பிற அமைப்புகளும் அரசின்மீதே வழக்குத் தொடுத்திருந்தன. அது 1991இல் உடன்பாட்டில் முடிந்தது. எல் சால்வடார் நாட்டவரின் மனுக்களையும், அதேபோல் தப்பி வந்த குவாத்தமாலா நாட்டவரின் மனுக்களையும் புதிதாக விசாரிக்க அரசு இசைந்தது. ஒருவரின் அச்சம் நியாயமானதா என்று தீர்மானிக்கும்போது வெளியுறவுக் கொள்கைக்கு அதில் இடமில்லை என்பதையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டது.