வழிப்போக்கரின் உரிமை

1325இல் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரிலிருந்து தனியே புறப்பட்டபோது இப்னு பதூதாவுக்கு வயது 21. பல்லாண்டுகளுக்குப் பின், சீனாவின் கன்ஜன்ஃபூ நகரில் மார்க்க அறிஞர் அல்புஷ்ரீ அவரைக் காண வந்தார். அவர் மக்ரிபின் சப்தா ஊரினர். முன்பே தில்லியில் சந்தித்தவர்கள் என்பது பேச்சினூடே தெரியவர, இருவரும் கண்கலங்கினர். விடைபெறும்போது அல்புஷ்ரீ நான்கு நாள் பயணத்தொலைவு உடன்வந்தே வழியனுப்பினார்.

1351இல் சஹாராவின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸாவில் இப்னு பதூதா தங்கியதோ, அதே அல்புஷ்ரீயின் சகோதரர் இல்லத்தில்! அல்லாஹ்வின் நாட்டம் எத்துணை வியப்புக்குரியது!

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. முஸாஃபிரை உபசரிப்பதை அந்தச் சமுதாயம் அவருடைய உரிமையாகவே கருதியது. நம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் தயங்கி நிற்கும் வெளியூர்க்காரரிடம் நாம் ஸலாம் கூறி, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோமா?