கைப்பிடிக் கம்பியில் சறுக்கும் விளையாட்டு: வரலாறும் புதுச்சேரிக்கான பாடமும்

படிக்கட்டின் ஓரத்தில் உள்ள கைப்பிடிக் கம்பி, ஏறி இறங்குவோர் பிடித்துக்கொள்வதற்காக அமைக்கப்படுவது. கடந்த நாற்பது ஆண்டுகளில் அது உலகின் பல நகரங்களில் விளையாட்டுக் கருவியாகவும் மாறிவிட்டது. முதலில் சறுக்குப் பலகையில் (ஸ்கேட்போர்டு) செல்வோரும், பின்னர் பனிப்பலகை வீரர்களும், இறுதியாகக் காலில் இரு நீண்ட சறுக்குக்கட்டைகளை (ஸ்கீ) மாட்டிய பனிச்சறுக்கு வீரர்களும் அதன்மேல் தாவி ஏறிச் சறுக்கினர். மலைச்சரிவை விட்டு ஊருக்குள் வந்து ஆடப்படும் இவ்வகை 'நகர்ப்புறப் பனிச்சறுக்கு' எனப்படுகிறது. இதில் வீரரின் திறமைக்கு முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கம்பி இதற்குத் தகுந்தது? அக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இவ்விளையாட்டின் வரலாறு எனலாம். பனியே விழாத புதுச்சேரிக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

தெருவில் பிறந்த கலை

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு வீரர்கள் சக்கரம் பூட்டிய பலகையில் தெருவில் சறுக்கத் தொடங்கினர். 1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட், கையால் பிடிக்காமலேயே பலகையோடு மேலெழும் 'ஆலி' என்னும் தாவலை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் அதைச் சமதரையிலும் செய்து காட்டினார். சமதரையிலிருந்து தாவ முடிந்ததும், பெஞ்சு, திண்டு, படிக்கட்டு, கம்பி என நகரத்தின் எல்லாப் பொருள்களும் ஆடுகளமாயின. 1980களின் பிற்பகுதியில் கைப்பிடிக் கம்பியில் முதன்முதலாகச் சறுக்கியவர்களாக மார்க் கான்சாலஸ், நாடாஸ் கௌபாஸ் ஆகிய இருவரும் குறிப்பிடப்படுகின்றனர்.

விரைவிலேயே எதிர்ப்பும் வந்தது. கட்டட உரிமையாளர்கள் கம்பிகளின்மேல் சிறு உலோகக் குமிழ்களைப் பற்றவைத்துச் சறுக்கலைத் தடுத்தனர். விளையாட்டுக்கும் பொதுச்சொத்துக்கும் இடையிலான இந்த இழுபறி இன்றும் பல நகரங்களில் தொடர்கிறது.

கம்பி பனிக்கு வந்த கதை

1990களில் பனிப்பலகை வீரர்கள் இக்கலையைப் பனிக்குக் கொண்டுவந்தனர். பனிச்சறுக்கு வீரர்கள் சற்றுப் பின்தங்கியதற்கு அவர்களுடைய கருவியும் ஒரு காரணம். வழக்கமான சறுக்குக்கட்டையின் முன்முனை மட்டுமே வளைந்திருக்கும். பின்னோக்கி இறங்கினால் பின்முனை பனியில் குத்திக்கொள்ளும். 1998இல் பிரான்சின் சாலமன் நிறுவனம் இருமுனையும் வளைந்த 'டென் எயிட்டி' என்ற கட்டையை வெளியிட்டது. மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்ளேர் முதலிய கனடிய வீரர்கள் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றனர். அதன்பின் பின்னோக்கிச் சறுக்குவதும், சுழன்று கம்பியில் ஏறுவதும், சுழன்று இறங்குவதும் எளிதாயின.

2011இல் வெளிவந்த 'ஆல் ஐ கேன்' என்ற திரைப்படத்தில் ஓக்ளேர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துச் சிறு நகரங்களின் தெருக்களில் சறுக்கிச் செல்லும் காட்சி உலகெங்கும் பார்க்கப்பட்டது. சாதாரணக் குடியிருப்புத் தெருவும் பனிச்சறுக்குக் களமாகலாம் என்பதை அது காட்டியது. 2014இல் சிலி நாட்டில் பனிச்சரிவில் சிக்கி அவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் 'ஸ்லோப்ஸ்டைல்' என்ற போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. அதன் ஆடுதளத்தில் வீரர்கள் முதலில் கம்பிகளைக் கடந்து, பின்னர் பெரிய தாவுமேடுகளுக்குச் சென்றனர். பெண்கள் பிரிவில் கனடாவின் டாரா ஹவலும் ஆண்கள் பிரிவில் அமெரிக்காவின் ஜாஸ் கிறிஸ்டென்சனும் தங்கம் வென்றனர். அக்கம்பிகள் எந்தக் கட்டடத்துக்கும் உரியவை அல்ல, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டவை.

கம்பியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தேர்ந்த வீரர்கள் ஒரு கம்பியைக் கண்டவுடன் ஏறுவதில்லை; நெடுநேரம் ஆராய்கின்றனர். அவர்கள் பார்ப்பவை வருமாறு:

1. உறுதி: கம்பியின் இரு முனைகளும் நடுக்கால்களும் தரையில் நன்கு ஊன்றியிருக்க வேண்டும். கையால் அசைத்தால் ஆடக்கூடாது. பற்றவைப்பு விட்டிருந்தாலோ கால் ஊன்றிய இடம் துருவேறியிருந்தாலோ அக்கம்பி தள்ளப்படும்.

2. வடிவம்: தட்டையான மேற்பரப்பு கற்போருக்கு ஏற்றது. உருண்டைக் குழாயில் கட்டை எளிதில் நழுவும். இடையில் குமிழோ, மேலே நீட்டிய ஆணியோ, இணைப்பில் இடைவெளியோ இருந்தால் கட்டை தட்டிப் பாதியில் நின்றுவிடும். ஆள் மட்டும் முன்னே பறப்பார்.

3. உயரமும் சரிவும்: கைப்பிடிகள் பொதுவாக 80 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தை எட்டப் பனியால் தாவுமேடு கட்டப்படும். ஒரே சீராக இறங்கும் கம்பி எளிது. சரிந்து, சமமாகி, மீண்டும் சரியும் கம்பி கடினம். வளைந்து இறங்குவது அதனினும் கடினம்.

4. ஓடுதூரம்: வேகம் பெறப் போதிய தூரம் வேண்டும். மேட்டுநிலம் இல்லாவிட்டால் கயிற்றை இழுக்கும் பொறியைப் பயன்படுத்துகின்றனர். பனி போதாவிட்டால் பனிக்கட்டி ஆடுகளங்களில் வழித்துக் கொட்டிய பனியை வண்டியில் கொண்டுவருவதும் உண்டு.

5. இறங்குமிடம்: கம்பி முடியும் இடத்தில் சாலை, சுவர், விளக்குக்கம்பம், கூர்முனை வேலி ஆகியவை இருக்கக்கூடாது. கம்பியின் மறுபக்கம் எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம். விழுபவர் எந்தப் பக்கமும் விழலாம்.

6. இசைவு: கம்பி யாருடையது, நாள்தோறும் அதைப் பிடித்து நடப்பவர் யார் என்ற கேள்வி. சறுக்குக்கட்டையின் விளிம்பு எஃகாலானது. வண்ணப்பூச்சை உரித்து உலோகத்தையும் கீறிவிடும்.

முதல் ஐந்தும் வீரரின் உயிரைக் காப்பவை. ஆறாவது பிறரைக் காப்பது. இவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் மிகக் குறைவாகவே எண்ணிப் பார்க்கப்பட்டது அந்த ஆறாவதுதான்.

தமிழகக் கடற்கரையில்

இந்தியாவில் பனிச்சறுக்கு குல்மார்க், ஔலி போன்ற இமயமலைச் சரிவுகளோடு நிற்கிறது. ஆனால் அதன் மூத்த உறவான சறுக்குப் பலகை தமிழகக் கடற்கரைக்கு வந்துவிட்டது. மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தியின் சறுக்கலை உலகம் வியந்து பார்த்தது. அவரைப் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப் பலகை முதன்முறையாக இடம்பெற்றது. படிக்கட்டும் கம்பியும் அமைத்த களத்தில், ஜப்பானின் 13 வயதுச் சிறுமி மோமிஜி நிஷியா தங்கம் வென்றார்.

சறுக்கும் ஆசை நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. மாமல்லபுரத்தில் 'வெண்ணெய்ப் பந்து' எனப்படும் பெரும்பாறைக்கு அருகிலுள்ள வழவழப்பான பாறைச்சரிவில் குழந்தைகள் வழுக்கி விளையாடுவதைக் காணலாம். ஆசை இயல்பானது, இடத்தைத் தேர்வதில்தான் அறிவு வேண்டும்.

புதுச்சேரியின் கம்பிகள்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் காலத்து வீடுகளின் மேல்மாடங்கள், சன்னல்கள், படிக்கட்டுகள் ஆகியவற்றில் உள்ள இரும்புக் கிராதிகள் நகரின் அடையாளங்களுள் ஒன்று. ஊர் பெரும்பாலும் சமதளமாக இருப்பதால் நீண்ட படிவரிசைகள் குறைவு. மாலையில் வாகனங்கள் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலை, சக்கரத்தில் செல்வோருக்கு இனிய இடம். ஆனால் மேலே கூறிய அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், இந்நகரின் பழைய கம்பிகள் எவையும் சறுக்குவதற்குத் தேறுவது கடினம்.

காரணம் உப்புக்காற்று. அது இரும்பைத் துருவேற்றும். வண்ணப்பூச்சுக்கு அடியில் நடக்கும் அரிப்பு வெளியே தெரியாது. பழைய கிராதிகளில் வார்ப்பிரும்பும் தேனிரும்பும் உண்டு. தேனிரும்பு வளைந்து எச்சரிக்கும். வார்ப்பிரும்போ அடிபட்டால் சட்டென உடையும். கடலோரத்தில் எந்தக் கட்டுமானமும் நிலையானதன்று என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பழைய இரும்புத் துறைமுகப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பிரெஞ்சுக் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழைக்காலத்தில் இடிந்து விழுந்து, பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. இறங்குமிடமும் பாதுகாப்பானதன்று: கடற்கரைச் சாலையின் கிழக்கு விளிம்பை அடுத்து அலைத்தடுப்புப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன.

மரபுக் கட்டடத்தில் ஒரு கிராதி முறிந்தால் அதே வார்ப்பில் மற்றொன்று கிடைப்பது அரிது. அதைவிட முக்கியமானது, கைப்பிடி யாருக்கு உயிர்த்துணை என்பது. முதியவர், கருவுற்ற பெண், பார்வையற்றவர், ஊன்றுகோலுடன் நடப்பவர் ஆகியோர் அதை நம்பியே அடி வைக்கின்றனர். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. தளர்ந்துபோன ஒரு கம்பி, அடுத்த நாள் காலையில் அதைப் பிடிக்கும் மூதாட்டியைக் கீழே தள்ளிவிடும்.

முடிவுரை

தெருவில் கிடைத்த கம்பியில் தொடங்கிய விளையாட்டு, தனக்கென்று கம்பி செய்துகொள்ளும் நிலைக்கு வளர்ந்துள்ளது. சோச்சியும் டோக்கியோவும் அதற்குச் சான்று. முழங்கால் உயரத்தில், தட்டையான மேற்பரப்புடன், துருப்பிடிக்காத எஃகில், சுற்றிலும் திறந்த வெளியுடன் அமைந்த ஒரு கம்பி போதும். தலைக்கவசம் அணிந்த ஒரு மாணவர் அங்கே அச்சமின்றிக் கற்கலாம். புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் இளைஞருக்குத் தேவை தடைப்பலகை மட்டுமன்று, அத்தகைய களமும்தான். களம் இருந்தால், படிக்கட்டுக் கம்பி அதை நம்பிப் பிடிக்கும் கைகளுக்கே மீதமிருக்கும்.