ஐந்துக்கு இரண்டு: கண்டிச் சீமையின் ஒரு தூக்குத் தீர்ப்பு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 2018 பெப்ரவரி 14ஆம் நாள், ஒரு பாடசாலைக்குள் புகுந்து பதினேழு பேரைச் சுட்டுக்கொன்றான் ஓர் இளைஞன். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டுவிட்டதால், தண்டனை என்ன என்பது மட்டுமே எஞ்சியிருந்தது. 2022 ஒக்டோபரில் பன்னிரண்டு ஜூரிமார் அதை ஆராய்ந்தனர். ஒன்பது பேர் மரணம் என்றனர். மூவர் இசையவில்லை. பன்னிருவரும் ஒருமித்தாலன்றி மரண தண்டனை இல்லை என்பது அன்றிருந்த சட்டம். ஆகவே ஆயுள் சிறை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் கொதித்துப் பேசியதை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. மறு ஆண்டு ஏப்ரலிலேயே, பன்னிருவரில் எண்மர் சொன்னால் போதும் என்று அம்மாநிலம் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

அப்போது டொரொன்டோவிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "நம் நாட்டில் ஜூரி இப்படி முட்டி நின்றால் என்ன செய்வார்கள்?" அவர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து பதில் சொல்வது எளிது. ஆனால் அவர் பிறந்த மண்ணின் கதையைச் சொல்லாமல் அந்தப் பதில் முழுமையாகாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இலங்கைக்கு ஜூரி முறையைக் கொண்டுவந்தவர் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், ஆண்டு 1811. அப்போது ஜூரிமார் பதின்மூவர். பின்னாளில், 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் கீழ், எண்ணிக்கை ஏழு. ஆங்கிலம் பேசுவோர், சிங்களம் பேசுவோர், தமிழ் பேசுவோர் என மூன்று பட்டியல்கள். எழுவரும் ஒருமிக்க வேண்டியதில்லை. ஐவர் ஒரு பக்கம் நின்றால் தீர்ப்பு. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம் என்றால்தான் இழுபறி. அப்போது அந்த ஜூரியைக் கலைத்துவிட்டுப் புதிய ஜூரியின் முன் விசாரணையை மீண்டும் தொடங்கலாம். கொலைக் குற்றம் நிரூபணமானால் தண்டனையைப் பற்றி ஜூரிக்கு வாயே இல்லை. சட்டம் சொன்ன தண்டனை ஒன்றுதான். நீதியரசர் அதை வாசிப்பார். கருணை காட்டும்படி சிபாரிசு செய்யலாம். அதைக் கேட்பதும் கேட்காததும் தேசாதிபதியின் விருப்பம்.

இதில் ஒன்றை நான் நெடுநாள் கவனிக்காமலே இருந்தேன். அதே காலத்தில் இங்கிலாந்தில் பன்னிரு ஜூரிமாரும் ஒருமித்தாக வேண்டும். 1967இல் சட்டம் மாறும்வரை அதுவே நிலை. இலண்டனில் ஒரே ஒரு ஜூரர் தலையசைக்க மறுத்தால் ஒருவனைத் தூக்கிலிட முடியாது. இலங்கையில் இருவர் மறுத்தாலும் தூக்கிலிடலாம். ஒரே முடி, ஒரே மன்னர். கயிற்றுக்கு மட்டும் இரண்டு கணக்கு. சுதேசி ஜூரர்களை விலைக்கு வாங்கிவிடுவார்கள், உறவும் சாதியும் பார்ப்பார்கள் என்ற சந்தேகமே இதற்குள் இருந்தது என்பது என் எண்ணம்.

ஐந்துக்கு இரண்டு என்பது வெறும் எண்ணிக்கை அல்ல என்பதற்குக் கொழும்பிலேயே சான்று உண்டு. 1933 ஒக்டோபரில் டஃப் ஹவுஸ் மாளிகையில் ஸ்டீபன் செனவிரத்னவின் மனைவி இறந்து கிடந்தார். குளோரோஃபோம் கொடுத்துக் கொன்றார் என்று கணவர் மீது வழக்கு. ஜூரி ஐந்துக்கு இரண்டு என்று பிரிந்து, குற்றவாளி என்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1936இல் தீர்ப்பு தள்ளுபடியாகி அவர் விடுதலையானார். அந்த இருவரின் ஐயம் சரியானதே என்று கடல் கடந்து சொல்லவைக்க அவரிடம் பணமும் வழக்கறிஞர்களும் இருந்தனர். (சதாசிவம் வழக்கைப் பற்றியும் சிலர் எழுதச் சொல்கிறீர்கள். அது தனிக் கதை, இன்னொரு முறை.)

இனி மலைக்கு வருவோம்.

தோட்டத் தொழிலாளிக்கு நீதிமன்றம் என்றால் முதலில் துரையின் பங்களா முற்றம். அதற்கும் முன்னால் பெரிய கங்காணி. லயத்துச் சண்டை, பிரட்டுக்களத்துச் சண்டை, பெண் விவகாரம் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். கொலை மட்டும் மலையிறங்கும். நுவரெலியாவோ ஹட்டனோ, பெருங்குற்றம் என்றால் மத்திய மாகாணத்து வழக்குகளுக்குக் கண்டியே பெரிய இடம். அங்கே கூண்டில் நிற்கும் தொழிலாளி பேசுவது தமிழ். நீதியரசரும் வழக்கறிஞர்களும் பேசுவது ஆங்கிலம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர். ஜூரிப் பட்டியலில் பெயர் இடம்பெற வருமானமோ சொத்தோ வேண்டும். 1930களில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது சதத்தைச் சுற்றியே இருந்தது. லயத்தில் பிறந்தவன் கூண்டில் நிற்கலாம், சாட்சிப் பெட்டியில் ஏறலாம். ஜூரி ஆசனத்தில் அமர்வது கனவிலும் இல்லை. தமிழ் பேசும் பட்டியல் ஒன்று இருந்ததே என்று கேட்கலாம். அதில் இருந்த தமிழர் வேறு தமிழர்.

1939, 1940 ஆண்டுகள் மலைநாட்டைக் குலுக்கியவை. 1939 ஜூலையில் நேரு வந்துபோன கையோடு இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. சமசமாஜக் கட்சியும் தோட்டங்களுக்குள் நுழைந்தது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே துரைமார் கொதித்த காலம். சங்கத்தில் முன்னின்றவனுக்குப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே தள்ளுவது எளிய வழி. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். பிறந்த பிள்ளையோடு, பாத்திரம் பண்டத்தோடு ரோட்டில் நிற்க வேண்டும்.

1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நாடு அதிர்ந்தது. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக அதன் முன் தோன்றி வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. வேலைநிறுத்தக்காரர்மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்துறை அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க சொன்னதைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர் சபையே இராஜினாமாக் கடிதம் கொடுத்தது. பிறகு சமாதானமாகித் திரும்பியது.

அடுத்த ஆண்டுதான் ஸ்டெலன்பேர்க். புப்புரஸ்ஸவில் உள்ள தேயிலைத் தோட்டம். துரையின் பெயர் சி.ஏ.ஜி. போப். தொழிலாளர் சங்கம் அமைத்ததை அவர் பொறுக்கவில்லை; முறுகல் முற்றியிருந்தது. 1941 மே மாதத்து இரவு ஒன்றில், அயல் தோட்டத்தில் விருந்துண்டு திரும்பும் வழியில் அவர் தாக்கிக் கொல்லப்பட்டார். ஒரு வெள்ளைத் துரையைக் கூலிகள் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி, தனித்தனி மலைகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளருக்கு நடுவே குடும்பத்தோடு வாழ்ந்த துரைமாருக்கு எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வழக்கின் முடிவில் வீராசாமி, வேலாய்தன் என்ற இரு தொழிலாளருக்குத் தூக்கு. (இரண்டாமவர் பெயரை வேலாயுதம் என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பதிவில் ஏறிய தமிழ்ப் பெயர் எந்தக் கோலத்தில் திரும்பி வரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.)

1942 பெப்ரவரி இறுதியில், கண்டி போகம்பறைச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்து இரண்டு வாரமே ஆகியிருந்த நேரம் அது. அடுத்த குண்டு கொழும்பின் மேலா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தோட்டத் தொழிலாளரின் உயிருக்காக ஊர்வலம் போகவும் கூட்டம் போடவும் அது காலமல்ல.

இந்த இடத்தில்தான் என்னை எப்போதும் நிறுத்தும் ஒரு செய்தி வருகிறது. அந்நாளில் அதே போகம்பறைச் சிறையில், யுத்த எதிர்ப்புக்காக 1940 ஜூன் முதல் விளக்கமின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் ஆர். டி சில்வா. முல்லோயாவில் கோவிந்தனுக்காக வாதாடிய அதே கொல்வின், ஸ்டெலன்பேர்க் தொழிலாளருக்காக வாதாட முடியாதபடி கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர்களுள் ஒருவர் அவர். தூக்குமரம் அதே மதில்களுக்குள். அவர்கள் சிறையிலிருந்து தப்பியது ஏப்ரல் 7ஆம் நாள். இடையே நாற்பது நாள்கூட இல்லை.

கோவிந்தனின் சாவுக்கு ஓர் ஆணைக்குழு, போப்பின் சாவுக்கு இரண்டு கயிறு. மலையகத்தில் இந்தக் கணக்கைச் சொல்லாத பழைய சங்கவாதி இல்லை.

ஆனால் மலையகம் ஒரே குரலில் பேசியது என்று நான் எழுதினால் அது பொய். எண்பதுகளின் தொடக்கத்தில் பத்திரிகை வேலையாக ஹட்டனுக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. நல்ல மழை, கடையில் அடைபட்டுக் கிடந்தோம். பேச்சு எப்படியோ ஸ்டெலன்பேர்க்குக்கு வந்தது. சங்கத்தில் நாற்பது வருஷம் இருந்த ஒரு பெரியவர், அந்த இருவரும் நமக்காகச் செத்தவர்கள், கோவிந்தனுக்கு அடுத்த வரிசையில் வைக்க வேண்டியவர்கள் என்றார். எதிர் வாங்கில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் ஒப்பவில்லை. கோவிந்தன் வேறு, இது வேறு. இருட்டில் வழிமறித்து ஓர் ஆளை அடித்துக் கொன்றதைத் தியாகம் என்று சொன்னால் நாளைக்கு எதைத்தான் குற்றம் என்று சொல்வது என்று கேட்டார். பெரியவர் குரலை உயர்த்தினார். கடைக்காரர் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றினார். கணக்கப்பிள்ளையின் மனைவி அதுவரை பேசாமல் இருந்தவர், அந்த இரண்டு பேர் வீட்டுப் பொம்பளைகள் பிறகு எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. வாங்கில் இருந்தது நாலைந்து பேர். அவர்களுக்குள்ளேயே ஐந்துக்கு இரண்டு தேறாது; நாலுக்கு மூன்றுதான்.

என் கருத்தைக் கேட்கிறீர்களா? போப்பின் கொலை கொலைதான். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. சங்கத்தை வெறுத்ததற்கு மரணம் தண்டனை ஆகாது. ஆயினும் அந்த இருவரைத் தூக்கிலிட்ட முறையை நீதி என்று ஏற்க என்னால் இயலவில்லை. பற்றுச்சீட்டு என்றால் என்ன, பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னும் அறை வாங்குவது என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் ஏழு ஆசனங்களில் ஒன்றிலேனும் அமர வழியே இல்லாத முறை அது. அப்படி ஒருவர் அமர்ந்திருந்தாலும் குற்றவாளிகள் என்றே சொல்லியிருக்கக்கூடும். அந்தக் கணக்கப்பிள்ளையைப் போலத் தன் இனத்தானின் குற்றத்தைக் குற்றம் என்று சொல்லும் நேர்மை லயங்களிலும் உண்டு. கருணைக்குச் சிபாரிசு செய்யும் ஒரு வரியாவது அவர் கேட்டு எழுதச் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். 1948இல் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டில் வாக்குரிமை பறிப்பும் வந்தபோது, ஜூரி ஆசனம் மேலும் ஒரு தலைமுறைக்கு எட்டாததாயிற்று.

பின்னாளில் காட்சி தலைகீழானது. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைக் கொன்றது. இருபத்தேழு பேர் மாண்டனர். தலவாக்கலை முதலிய மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்து ஊரடங்கு போடப்பட்டது. இம்முறை ஜூரி இல்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை என்றதும், தூக்கு வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் பேசிவந்த சில நண்பர்கள்கூட அன்று மௌனமாக இருந்தார்கள். நானும் அந்த வாரம் தலையங்கம் எதுவும் எழுதவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். 2005இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. அதற்காகக் கொதித்து எழுதினேன். புளோரிடாப் பெற்றோரின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கொதிப்புத்தான்.

டொரொன்டோ நண்பருக்குச் சட்டத்தின் பதிலையும் சொல்லிவிடுகிறேன். ஜூரி முறை இலங்கையில் முற்றாக ஒழியவில்லை. பாரதூரமான சில குற்றங்களுக்கு எதிரி விரும்பினால் ஜூரி கேட்கலாம். 2016இல் ரவிராஜ் கொலை வழக்கில் சிங்களம் பேசும் ஜூரி அமர்ந்து அனைவரையும் விடுவித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றங்கள் அதை விதித்துக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் 1976 ஜூன் 23க்குப் பின் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் நால்வருக்கு நிறைவேற்ற ஜனாதிபதி கையெழுத்திட்டும், உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

போகம்பறையில் இப்போது கைதிகள் இல்லை. 2014இல் அவர்களைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அதன் பிறகு ஒருமுறை கண்டி போனபோது அந்த மதிலோரமாக நடந்தேன். வாவிப் பக்கத்திலிருந்து வரும் பஸ்கள் அதைச் சுற்றித்தான் திரும்புகின்றன. என்னோடு வந்த இளம் நிருபர் புசல்லாவைப் பிள்ளை. புப்புரஸ்ஸ அவருக்குப் பழகிய ஊர். வீராசாமி, வேலாய்தன் என்ற பெயர்களை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொன்னார்.