மொன்றியல் எலிக்கு ஏறிய பிரஷர்

சென்ட் லோரன்டில் இருப்பவர்கள் கோட் வெர்ட்யூவில் மெட்ரோ ஏறி, ஸ்னோடனில் நீல வழிக்கு மாறினால் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இறங்கலாம். மலைச்சரிவில் நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பிரஷர் குளிசைக்கும் பழைய உறவு உண்டு.

வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செலியே, மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1936இல் எழுதிய சிறு கடிதம்தான் இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'ஸ்ட்ரெஸ்' கொள்கையின் தொடக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய எலிதான். 1943இல் அவரும் உடனிருந்தவர்களும் எலிகளுக்கு டெசாக்சிகார்ட்டிகோஸ்டெரோன் என்ற ஹார்மோனை ஏற்றி, உப்பும் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் எகிறியது, சிறுநீரகம் பழுதானது. 1945இல் செலியே மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவர் உருவாக்கிய எலியோ உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் பரவியது.

உப்பு, ஹார்மோன், சிறுநீரகம் என்று கணக்கு முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. மூளைக்கு இதில் என்ன வேலை?

கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருநாடியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. நாடிச் சுவர் விரிந்தால் அவை மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம் உடனே, இதயத்தையும் குழாய்களையும் முடுக்கும் சிம்பதெட்டிக் நரம்புகளை அடக்கும். இதயத் துடிப்பு குறையும், இரத்தக் குழாய்கள் தளரும். அழுத்தம் விழுந்தால் இதற்கு நேர்மாறு. படுக்கையிலிருந்து எழும்பும்போது தலைசுற்றி விழாமல் நிற்கிறோமே, அது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் பிரஷர் நாட்பட்டுப்போனால் இந்தக் காவல்காரனும் கூடிய அளவுக்கே பழகிப்போவான்; அதையே சரியான அளவென்று காப்பாற்றத் தொடங்குவான்.

உப்பு எலியிலும் இந்த நரம்புகளுக்குப் பங்கு உண்டு என்று காட்டியவர் கியூபெக் ஆய்வாளர் ழாக் த ஷாம்ப்ளான். அவர் 1960களின் நடுவில் அமெரிக்கா போய், பின்னாளில் (1970) நோபல் பரிசு வாங்கிய ஜூலியஸ் ஆக்செல்ரொட்டிடம் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்தது செலியேயின் அந்த உப்பு எலியைத்தான். அதன் இதய நரம்புகளில், கட்டளையைக் கடத்தும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் தங்கவில்லை; வேகவேகமாகச் செலவாகிக்கொண்டிருந்தது. நரம்புக் கட்டளையை மருந்தால் தடுத்தபோது அழுத்தம் இறங்கியது. ஊர் திரும்பி மொன்றியல் பல்கலைக்கழகத்தில் அமர்ந்தவர், 1970களில் நோயாளிகளின் இரத்தத்திலும் இதே வகை வேதிப்பொருட்களை அளந்தார். எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியினரிடம் அவை கூடியிருந்தன.

'டென்ஷனால் வந்த பிரஷர்' என்று நம்மவர் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் அந்த எலிகளுக்கு மோர்ட்கேஜ் இல்லை, ஊரிலிருந்து ஸ்பொன்சர் செய்ய ஆளும் இல்லை. ஹார்மோனும் உப்பும் சேர்ந்தே நரம்புகளை முடுக்கிவிட்டன. மனம் அமைதியாக இருந்தால் கருவாடும் ஊறுகாயும் எவ்வளவும் சாப்பிடலாம் என்பவர்களின் வாதம் இங்கே எடுபடாது.

இந்த நரம்புக் கட்டளையை மூளையிலேயே அடக்கும் குளோனிடின் என்ற பிரஷர் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அதை எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அடுத்த வாரம்: ஓத்தெல் தியூ மருத்துவமனையில் 1952இல் ழாக் ழெனெஸ்ட் தொடங்கிய ஆய்வுப் பிரிவு.

(தொடரும்)