பெயரற்ற முதல் வீரர்கள்



வரலாறு என்று நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் அரசர் வரலாறே. நல்லூரின் கதையும் அதற்கு விலக்கல்ல. முத்திரைச் சந்தியில் சங்கிலியனுக்குச் சிலை உண்டு, சங்கிலித்தோப்பு உண்டு, மந்திரிக்கும் ஒரு மனை உண்டு. ஆனால் இந்த மண்ணில் ஐரோப்பியரின் பீரங்கிக்கு முன்னால் முதன்முதலாக நின்று மடிந்த போர்வீரன் ஒருவனுக்காவது இங்கே ஒரு கல் உண்டா? அவன் பெயரையாவது நாம் அறிவோமா? இன்று அந்த மனிதர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நடந்ததை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா கோவாவிலிருந்து பெரும் படையோடு வந்து இறங்கினான். நல்லூர் வீழ்ந்தது. முதலாம் சங்கிலி தலைநகரை விட்டுப் பின்வாங்கினான். எனினும் நாட்டு மக்கள் கிளர்ந்தெழவே, வென்றவர்கள் குடாநாட்டை விட்டு நீங்கி, மன்னாரிலே கோட்டை கட்டி அமர்ந்தார்கள். 1591இல் அந்திரே பூர்த்தாடோ வந்தான். அந்தப் போரில் மன்னன் புவிராச பண்டாரமே மாண்டான். போர்த்துக்கேயரின் தயவில் எதிர்மன்னசிங்கன் அரியணை ஏறினான். 1619இல் பிலிப் தெ ஒலிவேரா வந்தான். சங்கிலி குமாரன் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். பின்னர் தஞ்சை நாயக்கனின் படை உதவிக்கு வந்தும் பயனில்லை. கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது.

அறுபது ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் படையெடுப்புகள். அரசர் பெயர் தெரிகிறது. எதிரித் தளபதிகளின் பெயரும் தெரிகிறது. இடையில் நின்று செத்தவர்கள் யார்?

சிறுவயதில் யமுனா ஏரிக் கட்டில் இருந்தபடி அம்மம்மா சொல்லும் கதைகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் ராசா வருவார், மந்திரி வருவார், குதிரைகூட வரும். வேலும் வாளும் பிடித்து வாசலிலே நின்றவன் மட்டும் வரமாட்டான். நூல்களிலும் அதே நிலைதான். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் அரச பரம்பரை இருக்கிறது. படைவீரனின் பெயர்ப்பட்டியல் இல்லை. குவேறோஸ் பாதிரியார் கோவாவில் இருந்து எழுதிய பெருநூலோ வென்றவர்களின் பார்வையில் எழுந்தது. அதிலே கப்பித்தான்மாருக்குப் பெயர் உண்டு. எதிரே விழுந்தவர்கள் வெறுந்தொகையாகவே நிற்கிறார்கள். இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. போர்த்துக்கேயரின் படையில் லஸ்கரின் என்ற பெயரில் நின்று செத்தவர்களும் இந்தத் தீவின் பிள்ளைகளே. அவர்களுக்கும் பெயர் இல்லை.

இது தமிழருக்குப் பழக்கமில்லாத மறதி. போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேடி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதற்குத் தொல்காப்பியமே முறை வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்கு அண்மையில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. மாண்டவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த நாயின் பெயரும் அந்தக் கல்லிலே உண்டு: கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் காத்த மொழியில், நானூறு ஆண்டுகளுக்கு முன் நல்லூரில் விழுந்த மனிதரின் பெயர்கள் தங்கவில்லை.

காரணம் வெளிப்படையானது. தோற்ற நாட்டுக்குக் கல் நடுவதற்கு யாரும் மிஞ்சவில்லை. இடித்த கோயிலின் கற்களே கோட்டை கட்டப் போயின என்பது மரபு. தப்பித்தவறி ஒரு நடுகல் இருந்திருந்தாலும், அதுவும் அந்தச் சுவருக்குள்ளே போயிருக்கும்.

நம் காலத்திலும் பெயரின் கதி பெரிதும் மாறவில்லை. நல்லூருக்கு அண்மையில், கோப்பாயில், போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் 1995ஆம் ஆண்டின் பின் ஒருமுறையும், 2009இல் போர் முடிந்தபின் இன்னொரு முறையும் அழிக்கப்பட்டன. அங்கே விளக்கேற்றப் போன தாய் போரைப் போற்றுவதற்குப் போகவில்லை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் சற்றுநேரம் நிற்கப் போனாள். தெற்கிலே மகனைப் பறிகொடுத்த தாய்க்கு வேண்டியதும் அதுவே. பெயரை அழித்தால் பகை அழிவதில்லை; துயரம் மட்டும் இருக்க இடமில்லாமல் அலைகிறது.

பெயர் தொலைந்துவிட்டால் ஒன்றுமே செய்ய இயலாதா? 1920ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயர் இன்னாரென்று அறியப்படாத ஒரு சிப்பாயின் உடலைப் போர்க்களத்திலிருந்து எடுத்து வந்து, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மன்னர்களின் நடுவே அடக்கம் செய்தார்கள். அதே நாளில் பிரெஞ்சுக்காரரும் பாரிசில் அவ்வாறே கௌரவித்தார்கள். பெயரில்லாத ஒருவன் எல்லாத் தாய்மாரின் மகனுமானான்.

நல்லூர்த் திருவிழாவில் ஆண்டுதோறும் கட்டியம் கூறும்போது, கோயிலை அமைத்தவனென்று மரபு சொல்லும் புவனேகவாகுவின் பெயர் ஒலிக்கிறது. கோயில் இடிந்தது, இடம் மாறிற்று, ஆட்சிகள் பல வந்து போயின. வாயாற் சொல்லப்பட்டதனால் அந்தப் பெயர் பிழைத்தது. வீரர்களுக்குக் கட்டியம் சொல்லப் பெயர் இல்லை. ஆகவே சங்கிலியன் சிலைக்கருகே எழுத்தே இல்லாத சிறிய கல்லொன்றை நட்டால் என்ன என்று நான் கேட்கிறேன். வாளும் வேண்டாம், வாகையும் வேண்டாம். 'இது யாருக்கு?' என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். அரசனுக்கு முன்னால் விழுந்தவர்களுக்கு என்று யாராவது ஒருவர் பதில் சொல்லட்டும். அதுவே அவர்களுக்கு நாம் கூறும் கட்டியமாக இருக்கும்.