எக்சென்ட்ரிக்: மையம் விலகியவனும் பித்தனும்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட, சுதந்திரம் பற்றிய நூலின் மூன்றாம் இயலை மாணவர்க்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'எக்சென்ட்ரிக்' என்ற சொல்லில் எழுத்து நின்றுவிட்டது. 'கிறுக்கர்' என்று எழுதி அடித்தேன். இத்தகையோர் ஒரு சமூகத்தில் எவ்வளவு மிகுந்துள்ளனரோ அவ்வளவுக்கு அங்கே மேதைமையும் அறத்துணிவும் இருக்கும் என்பது மில்லின் வாதம். அவ்விடத்தில் கிறுக்கரை நிறுத்தினால் வாதமே நகைப்புக்கிடமாகும்.

ஆண்டர்சன்பேட்டையில் என் தாத்தாவுக்கு இச்சொல் மனிதரைக் குறித்ததன்று. தங்கச் சுரங்க ஆலையில் பிட்டராக இருந்த அவருக்கு அது ஓர் இயந்திர உறுப்பு. அச்சின் நடுவில் அமையாமல் விலகிப் பொருத்தப்பட்ட வட்டு. கல்லுடைக்கும் பொறியின் தாடை முன்னும் பின்னும் அசைவது அவ்விலகலால்தான். வட்டு நடுவில் அமைந்திருந்தால் அச்சு வீணே சுழலும், கல் உடையாது. சொல்லின் வேரும் தாத்தாவின் பக்கமே நிற்கிறது. கிரேக்கத்தில் 'மையத்துக்கு வெளியே' என்பது பொருள். தாலமியின் வானியலில், பூமியை நடுவாகக் கொள்ளாத வட்டத்துக்கு அது பெயர். மனிதருக்கு ஆகிவந்தது 17ஆம் நூற்றாண்டில்.

நம் சொற்களோ உடம்பில் பிறந்தவை. பித்தம் மிகுந்தால் பித்து; கிறுகிறுப்போடு ஒலியுறவு கொண்டது கிறுக்கு. நோயின் பெயராயினும் பித்து இழிசொல்லாகவே நின்றுவிடவில்லை. பெரியபுராணத்தில், மணநாளன்று முதியவராக வந்து அடிமையோலை காட்டிய இறைவனைச் சுந்தரர் பித்தன் என்று இகழ்கிறார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்குத் தோற்றபின், அந்த வசவையே முதலாக வைத்துப் பாடுமாறு பணிக்கப்படுகிறார். ஏழாம் திருமுறையின் முதற்சொல் அதுவே. வசைச்சொல்லைப் போற்றுதற்குரியதாக்கும் வேலையைத் தமிழ், மில்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செய்து முடித்திருக்கிறது.

ஆயினும் 'பித்தர்' என்று எழுதவும் கை வரவில்லை. தமிழில் பித்துக்குப் பெரும்பாலும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். சொ. விருத்தாசலம் புனைபெயர் தேடியபோதும் புதுமை மீது பித்துக்கொண்டவராகவே, புதுமைப்பித்தனாகவே, ஆனார். சினிமாக் கிறுக்கும் அவ்வாறே. எதனைப் பற்றினான் என்று தமிழ் கேட்கிறது. எதனைவிட்டு விலகினான் என்று ஆங்கிலம் அளக்கிறது. மில்லின் மனிதன் எதன்மீதும் பித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஊர் வழக்கத்துக்குத் தலைவணங்க மறுத்தாலே போதும்.

இப்போதைக்குத் 'தன்போக்கினர்' என்று எழுதியிருக்கிறேன். அதில் மையமும் இல்லை, விலகலும் இல்லை, தாத்தா ஒப்பமாட்டார். பொருத்தமான சொல் வைத்திருக்கும் நண்பர்கள் எழுதுக.